தீவைப் பார்க்க நின்ற வரிசை

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய புதிது. திருப்பதியில் ஒரு சின்ன மியூசியத்தில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையில் இருந்தேன். அப்போது அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். பழவேற்காடு ஏரியில் இருக்கும் எங்கள் தீவின் மேல் உயிரையே வைத்திருந்த ஒரு பெரிய சினிமா இயக்குநரைப் பற்றியது. வருஷா வருஷம் அங்கே வந்து குடிசை போட்டுத் தங்கி, அந்த மணலிலேயே படம் எடுத்தவர் அவர்.

அவரைப் படகில் ஏற்றிப் போய் வந்தவர் என் அப்பா. கண்காட்சியில் இருந்த ஒரு போட்டோவில் இயக்குநர் படகில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். பின்னால் கோல் ஊன்றி நிற்கிற ஒல்லிப் பையன்தான் அப்பா. பிறகு படகை விற்றுவிட்டு சத்தியவேட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. அன்றைக்குக் கட்டாயம் வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்.

கண்காட்சிக்கோ ஆளே இல்லை. திருப்பதிக்கு வருகிறவர்கள் பெருமாளைப் பார்ப்பார்களா, போட்டோவைப் பார்ப்பார்களா? வெள்ளிக்கிழமை மேனேஜர் சொல்லிவிட்டார்: "ஈ தாம்மா ஓட்டினு கீறோம். நாளைக்கு சாயந்திரம் எடுத்துடலாம்."

அப்பா வருவது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே! "நாளைக்கு ஹால் நிறைஞ்சா ஞாயித்துக்கிழமையும் வெப்பீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தபடியே தலையாட்டினார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

மறுநாள் காலையில் தரிசன டோக்கன் கொடுக்கும் இடத்துக்குப் போய் நின்றேன். டோக்கனில் போட்ட நேரம் வரும்வரை மலை ஏற முடியாது. போக இடமில்லாமல் குடும்பம் குடும்பமாக வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கத்தினேன். "அண்ணா, உங்க டைம் சாயந்திரம்தானே? ஃபேன் கீது, தண்ணி கீது, வந்து தீவு பாத்துட்டுப் போங்க!"

முதலில் ஃபேனுக்காகத்தான் வந்தார்கள். உள்ளே வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள், கேள்வி கேட்டார்கள், வெளியே போய் மற்றவர்களிடம் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் ஹால் நிறைந்துவிட்டது. மேனேஜர் சிரிக்காமல் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்காரர்களே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மொட்டையும் சந்தனமுமாக மலை இறங்கியவர்களும் வந்தார்கள். வரிசை தெருவரைக்கும் போனது. "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். வரிசையில் அப்பா! சலவைச் சட்டை போட்டு, எல்லோரையும் போல நின்றிருந்தார்.

"நைனா, உனக்கு எதுக்கு லைனு? உள்ள வா."

"இரும்மே, வரிசையிலயே வர்றேன். இத்தினி பேரும் நம்ம தீவப் பாக்கவா வந்துகினு கீறாங்க?"

அந்த போட்டோவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். பின்னால் நின்ற, வேலூரிலிருந்து வந்த ஒரு அம்மா போட்டோவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஏங்க, இது நீங்கதானே?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். அவ்வளவுதான், ஹாலே திரும்பியது. ஒருவர் ஓடிவந்து கை கொடுத்தார். ஒரு பாட்டி பையிலிருந்து லட்டு எடுத்து அப்பா கையில் வைத்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோலை எப்படி ஊன்றவேண்டும் என்று எல்லோருக்கும் நின்று காட்டினார்.

வரிசை அப்படியே நின்றுபோனது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஒரு "ஜருகண்டி"கூடச் சொல்லவில்லை. அன்று முழுக்க ஊரையே நகரச் சொன்ன நான், என் அப்பாவுக்காக ஊரை நிற்க வைத்தேன் என்ற கர்வம் இன்றுவரை எனக்குக் குறையவில்லை.