உடைப்பில் படுத்தவள்

"எதையும் மூணு எடத்துல பாத்தாத்தான் நம்பணும்" என்பது என் நெறியாளரின் சட்டம். குத்தாலம் பக்கத்து வாய்க்கால்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நான் அதை மீறவே இல்லை. வெள்ளத்தில் எங்கள் ஊர் வாய்க்கால் கரை உடைந்தபோது, ஒரு கர்ப்பிணி குறுக்கே படுத்துத் தண்ணீரை நிறுத்தினாள் என்ற கதைக்கு ஓர் இணையதளம், ஒரு நாளிதழ், ஒரு பேராசிரியரின் புத்தகம் என மூன்று சான்றுகள் கொடுத்திருந்தேன். அந்தப் பேராசிரியரே வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வருகிறார் என்றதும் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, நடவு முடிந்து வந்த அம்மா கால் சேற்றைக் கழுவிக்கொண்டே, "எங்க, படிச்சுக் காட்டு" என்றாள். படித்தேன். கர்ப்பிணி வந்த இடத்தில் அம்மா சிரித்துவிட்டாள்.

"இது நீ ஒம்பதாவது படிக்கிறப்ப பள்ளிக்கூட மலருக்கு எழுதுனதாச்சே! யாருடி சொன்னான்னு கேட்டதுக்கு, நானே கட்டிவிட்டேன்னு சொன்னியே."

அப்போதுதான் நினைவு வந்தது. ஊரே சொல்லிச் சொல்லி, எனக்கும் அது யாரோ சொல்லிக் கேட்ட கதையாகிவிட்டிருந்தது. இணையதளத்தைத் தோண்டினேன். அடியில் சின்ன எழுத்தில் எங்கள் பள்ளி மலரின் பெயர். நாளிதழ் அதைப் பார்த்து எழுதியிருந்தது, புத்தகம் நாளிதழைப் பார்த்து.

நெறியாளருக்குப் போன் போட்டேன். "கண்டுக்காம விடும்மா. அவரு புத்தகத்தையே பொய்யுன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறியா? ஆறு வருஷ உழைப்பு போயிடும்."

நான்கு நாளும் சோறு இறங்கவில்லை. சொன்னால் பட்டம் போகும் என்று பயம். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி என்னைச் சான்று காட்டுவாளே என்றும் பயம்.

தேர்வன்று கடைசி வரிசையில் அம்மா புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் சரியாக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார். "இந்த உடைப்புக் கதை நல்லா வந்திருக்கும்மா. கொஞ்சம் விளக்குங்க."

"சார், அது... சின்ன வயசுல நான் கட்டிவிட்ட கதைங்க சார்."

நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப என் புத்தகம் தப்புங்கிறீங்க. ஆதாரம் என்ன?"

பழைய மலர் கிடைத்திருந்தாலும் அதில் கட்டுக்கதை என்றா போட்டிருக்கும்? என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கடைசி வரிசையைக் காட்டினேன்.

அம்மா எழுந்து நின்றாள். "அவ பொய் சொன்னது உண்மைதாங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் பேனாவை எடுத்து என் அடிக்குறிப்பில் மூன்று சான்றுகளையும் அடித்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "உங்க பேரு சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."