எருமைக் காயின் குழு

பனியன் கம்பெனி ஒன்றின் டிசைன் செக்‌ஷனில் எனக்கு வேலை. குழந்தைகளின் சட்டையில் அச்சாகும் முயல், கரடி, யானையெல்லாம் நான் வரைபவை. கல்யாணம் முறிந்த பிறகு அவிநாசியில் சின்னதாக ஒரு வீடு எடுத்துத் தனியாக இருந்தேன். ஆபீசை விட்டு வந்தால் மறுநாள் காலை வரை பேச ஆளில்லை.

நாய்ப் படம் போட்ட மீம் காயின்கள், அதாவது கேலிக்காகத் தொடங்கிய கிரிப்டோ காசுகள், இணையத்தில் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. நம்மூர் ஆள் யாரோ விளையாட்டாக எருமையின் பெயரில் ஒரு காயினைத் தொடங்கி, அதை வாங்கியவர்களுக்குப் போனில் ஒரு குழுவும் வைத்திருந்தார். அதிலிருந்த படம் எருமை மாதிரியே இல்லை. நான் ஒன்று வரைந்து அனுப்பினேன். அதையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். நான் குழுவில் பெயர் போடவில்லை, ஒரு எருமைத் தலையைத்தான் வைத்திருந்தேன். “சூப்பர்ணா” என்று ஒருவர் எழுதினார். நான் திருத்தவில்லை. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அண்ணனாகிவிட்டேன்.

காயின் விலை ஏறியது, பிறகு ஒரேயடியாகப் படுத்தது. தொடங்கியவர் என்னை அட்மின் ஆக்கிவிட்டுக் காணாமல் போனார். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு பாதிப் பேருக்கு மேல் வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்களிடம், இங்கே இனி விலையைப் பற்றிப் பேச வேண்டாம், தினமும் காலையில் ஒரு எருமை வரும், பார்த்துவிட்டு வேலைக்குப் போங்கள் என்று எழுதினேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எருமை, லீவு கிடைக்காத எருமை, மழையில் குடை பிடித்த எருமை என்று போட்டேன். லாரி ஓட்டுகிறவர் ஒருவர் தன் எருமைக்கு லுங்கி கட்டிவிடச் சொன்னார். ஊத்துக்குளிக்காரர் ஒருவர் தன் தோட்டத்து நிஜ எருமைகளைப் படம் பிடித்துப் போடுவார். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே கம்பெனியில் தைக்கும் டெய்லர் ஒருவர், படம் வரத் தாமதமானால், “அண்ணாச்சி, எருமை இன்னும் எந்திரிக்கலையோ?” என்பார். அந்தக் கேலிக்காகவே சில நாள் வேண்டுமென்று தாமதித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் பேக்கரி ஒன்றில் எல்லோரும் நேரில் சந்திப்பதென்று முடிவானது. எருமை ஸ்டிக்கர்கள் அச்சடித்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். அவர்கள் வந்து பக்கத்து மேஜையை நிறைத்தார்கள். எழுந்து போய் நான்தான் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். அதற்குள் பேச்சு என்னைப் பற்றியே ஆரம்பித்துவிட்டது.

“அண்ணாச்சி வாரேன்னு சொன்னாகளே, எங்க காணும்?” என்றார் டெய்லர். குழுவில் எழுதுகிற அதே பேச்சு.

“ஊட்ல விட்டிருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம இல்லீங்களா,” என்றார் ஊத்துக்குளிக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் பேச்சில் அந்த அண்ணனுக்குப் பெண்டாட்டி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள். அவரைக் கலைத்துவிட்டு அந்த இடத்தில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. டீ கொண்டுவந்தவரிடம் கவரைக் கொடுத்து, “அந்த டேபிள்ல குடுத்துருங்க, நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க,” என்றேன். யாரோ குடுத்தாங்க என்று அவர் வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்ததும் இரண்டு பேர் வாசலுக்கு ஓடி ரோட்டில் தேடினார்கள். ஊத்துக்குளிக்காரர் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க அம்மிணி, இங்க ஒருத்தர் வந்துட்டுப் போனாரே, பாத்தீங்களா?”

“பாக்கலீங்க.”

“சரி, இருக்கட்டுமுங்க. எங்கள ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா?”

போனைக் கொடுத்தார். என் எருமையைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் போகும்போதே அந்தப் படம் குழுவில் வந்தது. “நீங்க மட்டும்தான் குறை அண்ணா” என்று கீழே எழுதியிருந்தது.

சில வாரம் கழித்து, ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் குரலைப் பதிவுசெய்து அனுப்பினேன். “நான்தானுங்க அட்மின். அன்னிக்குப் போட்டோ எடுத்ததும் நான்தானுங்க.”

ஊத்துக்குளிக்காரரும் குரலிலேயே பதில் அனுப்பினார். “அதுக்கென்னங்க அம்மிணி. எங்களோட ஒக்காந்து ஒரு டீ குடிச்சிருக்கலாமுங்களே.”

யாரும் தப்பாகப் பேசவில்லை, விலகிப் போகவுமில்லை. ஆனால் எல்லோரும் மரியாதையாகிவிட்டார்கள். காலையில் எருமையைப் போட்டால் “நன்றிங்க அக்கா” என்று வரிசையாக வரும். லுங்கி கேட்டவர் அதன்பின் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் மதியம்வரை படம் போடாமல் இருந்து பார்த்தேன். “உடம்புக்கு முடியலையாக்கா?” என்று கேட்டார் டெய்லர்.

இந்த வருஷமும் சந்திப்பு வைத்தார்கள். காயின் என்ன ஆனதென்று இப்போது யாரும் பார்ப்பதுகூட இல்லை. அக்கா குடும்பத்தோடு வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சரிங்க என்று போட்டேன். நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நடுவில் எனக்கொரு நாற்காலி போட்டு, பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கென்று இன்னொன்றையும் காலியாக வைத்திருந்தார்கள்.

“அண்ணாச்சி வண்டிய நிப்பாட்டிட்டு வாராகளா?” என்றார் டெய்லர்.

“இல்லீங்க. நான் மட்டுந்தானுங்க.”

அந்தக் காலி நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஊத்துக்குளிக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார்.