உப்பு மீனுக்கு ஓர் அடி

என் கொழுந்தன் சன்கூர் பயந்த சுபாவம். இதை அவன் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடினோமா என்று எழுந்து பார்ப்பான், படுப்பான், மறுபடி எழுந்து பார்ப்பான். பனி விழுமுன் கூரை நாணலை ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பார்ப்பான். கரடிக்குப் பயம், காய்ச்சலுக்குப் பயம். சிசாம்கள் குதிரையில் வந்தால் பயம், நடந்து வந்தால் அதைவிடப் பயம். இப்படிப்பட்டவன்தான் எங்கள் ஊரில் திருட்டுத்தனமாக சால்மன் பிடித்துக்கொண்டிருந்தான்.

திருட்டு என்பது சிசாம்கள் வைத்த பெயர். சன்கூர் அரைக்கச்சை கட்டும் வயது வரைக்கும் ஆறு எங்களுடையதாக இருந்தது. பிறகு தெற்கேயிருந்து கப்பல் கப்பலாக ஜப்பான்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களைத்தான் நாங்கள் சிசாம் என்போம், அக்கம்பக்கத்தான் என்று அர்த்தம். வந்த அக்கம்பக்கத்தான் ஆற்றில் யாரும் சால்மனைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டான். ஈட்டி கூடாது, வலை கூடாது, கூடை கூடாது. பயிர் செய்து பிழையுங்கள் என்று ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார்கள். அதில் கல் நன்றாக விளைந்தது.

சன்கூர் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மேலூர் ரெசுனோவை ஈட்டியும் மீனுமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். குளிர்காலம் முழுக்கச் சிறையில் கிடந்து, இருமலோடு திரும்பினான். புல் முளைத்தபோது அவன் இல்லை. அவனைப் புதைக்கத் தூக்கியவர்களில் சன்கூரும் ஒருவன். அன்றிலிருந்து ஒரு மாதம் சோறு இறங்கவில்லை அவனுக்கு. ஆனால் இலையுதிர்காலம் வந்து, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளும் வெறும் தினைக்கஞ்சியைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, விடியலின் மூடுபனியில் நாணலுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு ஈட்டியோடு போனவன் அவன்தான். சிறைக்குப் பயந்தான், பசிக்கு அதைவிடப் பயந்தான். பிடித்ததில் முதல் துண்டு அடுப்பில் இருக்கும் அக்கினித் தாய்க்கு. பிறகு நடக்க முடியாத கிழங்களுக்கு, பிறகு என் வீட்டுக்கு. மிச்சம் இருந்தால் அவன் வீட்டுக்கு. அவன் அகப்பட்டால் நாங்கள் எல்லோருமே பட்டினி என்பது ஊருக்குத் தெரியும். யாரும் வாய் திறந்து பேசியதில்லை.

அவன் பெண்டாட்டி துரேஷ்மாத்துக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கடவுள் இரண்டு பேருக்கும் அளந்து வைத்ததை ஒருத்தனிடமே கொட்டிவிட்டார் என்று நான் கேலி செய்வேன். அவளுக்கு ஒரு தம்பி, இபோர். சின்ன வயதிலேயே ஒரு சிசாம் கடைக்காரன் வீட்டு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் ஆண்கள் கற்றுக்கொள்ளும் எதையும் கற்றுக்கொள்ளாமல் வளர்ந்து, கடைசியில் ஆற்றுக்காவல் வேலைக்குச் சேர்ந்து தலையில் தொப்பி மாட்டிக்கொண்டான். ரெசுனோவைப் பிடித்தது அவன் இல்லை. பிடித்த அதிகாரிக்குப் பின்னால் நின்றான், அவ்வளவுதான். அது போதும், அக்கா வீட்டு வாசல் அவனுக்கு மூடிக்கொண்டது.

ருஷ்யாவோடு நடந்த சண்டை முடிந்து வீரர்கள் திரும்பி வந்த இலையுதிர்காலத்தில், தோமிநாகா என்ற படக்காரர் பெட்டியும் முக்காலியும் கறுப்புத் துணியுமாக எங்கள் ஊருக்கு வந்தார். ஐனுக்கள், அதாவது நாங்கள், பழைய முறையில் சால்மன் பிடிப்பதைப் படமெடுத்துத் தபால் அட்டையாக அச்சடித்து விற்கப் போகிறாராம். சட்டமாயிற்றே என்று ஊர்த் தலைவர் இழுத்தார். அதற்கெல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது என்றார் படக்காரர். மீன், டவுன் கடையில் வாங்கிய உப்பு மீன். ஈட்டி, போலீஸ் ஸ்டேஷனில் ஆணியில் மாட்டியிருந்தது. அதை இரவல் வாங்கி வந்திருக்கிறார். பிடியைப் பார்த்ததுமே அது ரெசுனோவின் ஈட்டி என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

யாரை நிறுத்துவது என்ற கேள்வி வந்தபோது ஊர் மொத்தமும் சன்கூரைப் பார்த்தது. பார்த்திருக்கக் கூடாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். மறுத்தால் ஏன் மறுக்கிறாய் என்பார்களே என்று பயந்து அவன் ஒத்துக்கொண்டான். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றான். உப்பு மீன் பலகைபோல் விறைத்திருந்தது, குடல் எடுத்த வயிறு ஆவென்று திறந்திருந்தது. அதை ஈட்டியின் கொக்கியில் மாட்டி, இப்போதுதான் தண்ணீரிலிருந்து தூக்குவதுபோல் தூக்கச் சொன்னார் படக்காரர். கரையில் நின்ற நாங்கள் சிரித்தோம். இது ஏற்கெனவே இரண்டு தடவை செத்த மீன், மூன்றாம் தடவையும் சாகடிக்கிறான் பார் என்று ஒருத்தி சொன்னாள்.

சன்கூர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஈட்டியைக் கரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

அவன் எதற்கு ஓடினான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆற்றிலிருந்து தூக்கிய சால்மனை, தோல் சீவிய வில்லோ மரக் கட்டையால் தலையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பவேண்டும். கட்டையின் ஒரு முனையில் மரச்சீவல் சுருள் சுருளாகத் தொங்கும். அதுதான் மீனுக்கு நாம் கொடுக்கும் பரிசு. அந்தப் பரிசைக் கவ்விக்கொண்டு அது சந்தோஷமாகத் தன்னை அனுப்பிய மீன் தெய்வத்திடம் போய்ச் சேரும். கல்லாலோ கைக்குக் கிடைத்ததாலோ அடித்தால் அழுதுகொண்டே போகும். மறுவருஷம் மீன் வராது. உப்பில் கிடந்த மீனாக இருந்தால் என்ன, ஆற்றில் நின்று கொக்கியில் தூக்கிய பிறகு அதைச் சும்மா விட அவனால் முடியவில்லை. கட்டையோடு வந்தான். படக்காரருக்கு ஒரே குஷி, அதை ஓங்கிப் பிடிக்கச் சொன்னார். சன்கூர் ஓங்கினான், படம் எடுத்தார்கள். படம் எடுத்த பிறகும் அவன் மறக்காமல் அந்த உப்பு மீனை ஒரு தட்டுத் தட்டினான்.

சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். துரேஷ்மாத் சூப்பைக் கிண்டிக்கொண்டே, எந்தக் கட்டையை எடுத்துக்கொண்டு போனாய் என்று கேட்டாள்.

"பரண்ல இருந்ததுதான்."

"அது இந்த வருசத்துக் கட்டை."

சன்கூர் எழுந்து கட்டையை எடுத்து அடுப்பு வெளிச்சத்தில் பிடித்தான். கட்டையை வருஷா வருஷம் புதிதாகத்தான் செய்வோம். அது பால்போல வெள்ளையாக இருந்தது. முனையில் செதில்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன. இத்தனை வருஷமாக மீனே பிடிக்காத ஊரில், இந்த வருஷத்துக் கட்டையில் செதில் எப்படி வந்தது?

சிசாமுக்கு இதெல்லாம் தெரியாது, அவன் கண்ணுக்கு அது ஏதோ ஒரு குச்சி என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"இபோருக்குத் தெரியும் மதினி" என்றான் அவன்.



அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. நாய் குரைத்தால் ஈட்டியை எடுத்துப் பனிக்குள் புதைப்பான். அது துருப்பிடிக்குமே என்று மறுநாள் தோண்டி எடுப்பான். தன்னைப் பிடித்துக்கொண்டு போனால் குழந்தைகளை யார் வீட்டில் விடுவது, கூரையை யார் வேய்வது என்று பெண்டாட்டியிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பான். "போறப்ப போய்க்க. இப்ப விறகு பொள" என்பாள் அவள்.

பனி உருகியதும் நான் பின்னிய பாய்களை விற்க டவுனுக்குப் போனேன். ஒரு கடை வாசலில் கயிறு கட்டி, அதில் பட அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் என் கொழுந்தன் இருந்தான், புருவத்தைச் சுளித்துக்கொண்டு, கட்டையை ஓங்கிக்கொண்டு. படத்தில் எது மங்கினாலும் அந்தக் கட்டை மங்கவில்லை. செதிலைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. ஊருக்குத் திரும்பி, படம் சுமாராகத்தான் விழுந்திருக்கிறது என்று சன்கூரிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

மறுபடி இலையுதிர்காலம் வந்தது. ஓடையில் மீன் புரளும் சத்தம் காதில் விழுந்தது. சன்கூர் போகவில்லை. கிழங்கள் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சின்னவள் மட்டும் கேட்டாள், அவள் வயது அப்படி. அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

அப்படி ஒரு நாள் மத்தியானம் இபோர் வந்தான். வாசலில் தொண்டையைச் செருமினான், விருந்தாளி செருமுவதுபோல. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அடுப்போரம் உட்கார்ந்தான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மார்புச் சட்டைக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்துப் பாயில் வைத்தான். சன்கூர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

மேலதிகாரி இந்தக் குச்சி என்ன என்று தன்னிடம் கேட்டதாக இபோர் சொன்னான். கூத்தாடும்போது பிடிக்கிற குச்சி என்று சொல்லிவிட்டானாம். பிறகு அட்டையை விரலால் சன்கூர் பக்கம் நகர்த்தினான்.

"அத்தான், இது ஒண்ணு எனக்குச் செஞ்சு குடுங்க" என்றான்.

அவனை இந்த வருஷம் மீன்குஞ்சுப் பண்ணைக்கு மாற்றியிருந்தார்கள். ஆற்றை மறித்துப் பிடித்த தாய்மீன்களைக் கொன்று, வயிற்றைக் கீறி முட்டையை எடுக்கிற வேலை. இரும்புக் கம்பியால் அடிக்கவேண்டும். நாள் முழுக்க அடிக்கவேண்டும்.

"எல்லாமே அழுதுகிட்டே போகுது, அத்தான். எனக்குத் தூக்கமே இல்ல. எனக்கு மரம் சீவத் தெரியாது, சொல்ற வார்த்தையும் தெரியாது. யாரும் சொல்லித் தரல."

நான் சன்கூரைப் பார்த்தேன். அவன் அந்தத் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். செய்து கொடுத்தால், செய்யத் தெரியும் என்று ஒத்துக்கொண்டதாகும். செய்யத் தெரிந்தவன் எதற்குச் செய்கிறான் என்று அடுத்த கேள்வி வரும். ரெசுனோவின் வீட்டிலும் இப்படித்தான் யாராவது நல்லபடியாகப் பேசியிருப்பார்கள்.

"எனக்கு அதெல்லாம் செய்யத் தெரியாது. படக்காரர் கொண்டாந்த குச்சி அது" என்றான்.

இபோர் தலையை ஆட்டினான். அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். துரேஷ்மாத் கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனைத் திட்டிக் கேட்டிருக்கிறேன், கேலி பேசிக் கேட்டிருக்கிறேன். அன்று அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"அவன் பொய் சொல்லி உன்னைக் காப்பாத்தியிருக்கான். நீ பொய் சொல்லி அவனை அனுப்பிட்ட."

அதற்குப் பிறகு சில நாளிலேயே சன்கூருக்குக் கண் குழிந்துவிட்டது. போலீஸுக்குப் பயந்து தூங்காதவனை நான் பார்த்துப் பழகியவள். இது வேறு மாதிரி. ஆற்றங்கரையில் நின்று கீழே பண்ணை இருக்கும் திசையையே பார்ப்பான், ஏதோ சத்தம் கேட்பதுபோல. எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரு நாள் காலையில் நான் பாய்ச் சுமையோடு டவுனுக்குக் கிளம்பினேன். வழியில் எனக்குப் பின்னால் அவன் வந்தான். கையில் புதிதாகச் சீவிய வில்லோக் கட்டை, துணிகூடச் சுற்றவில்லை. வெயிலில் பளீரென்றிருந்தது.

"எங்க போற?"

"பண்ணைக்கு."

"அதை மறைச்சாவது எடுத்துட்டு வாடா."

"மறைச்சா திருட்டுன்னு ஆயிடும் மதினி" என்றான்.

வழியில் இரண்டு தரம் ஓரமாக நின்று வாந்தி எடுத்தான். திரும்பிப் போய்விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பண்ணை வாசலில் குமாஸ்தா ஒருவன் நிறுத்தினான். கையில் என்ன என்று அதட்டினான். சன்கூர் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். நான் சுமையை இறக்கி வைத்தேன். முடிந்தது கதை, என் கண் முன்னாலேயே கொண்டுபோகப் போகிறார்கள் என்று நினைத்தேன். குமாஸ்தா கட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், இன்னொரு தரம் கட்டையைப் பார்த்தான். பிறகு உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டு, படத்தில் இருக்கிற ஐனு வந்திருக்கிறான், வந்து பாருங்கள் என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஓங்கிப் பிடிக்கச் சொன்னார்கள். சன்கூர் ஓங்கிப் பிடித்தான். அவர்கள் வழிவிட்டார்கள். நான் சுமையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

உள்ளே கொட்டகையில் இபோர் நின்றிருந்தான். கையில் கம்பி, முழங்கை வரை ரத்தம், காலடியில் மீன் குவியல். எங்களைப் பார்த்ததும் வெளிறிப்போனான். அத்தானை யாரோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பான்.

சன்கூர் கட்டையை நீட்டினான்.

"மாப்ள, அன்னைக்குப் பொய் சொன்னேன். எனக்குச் செய்யத் தெரியும்."

கம்பி கீழே விழுந்தது. இபோர் கட்டையை இரண்டு கையாலும் வாங்கி நெற்றிவரை தூக்கினான். அந்த மரியாதையை யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. தொட்டியிலிருந்து துள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்மீனை எடுத்துப் பலகையில் வைத்தான். வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தான். அவனுக்கு வார்த்தை தெரியாதே.

வாசலில் சிசாம்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டவர்கள் காதில் எங்கள் பாஷை விழக்கூடாது என்று டவுனில் என்னிடம்கூடக் கிசுகிசுவென்று பேசுகிறவன் சன்கூர். அவன் அத்தனை பேர் முன்னாலும் உரக்கச் சொன்னான், இந்த வெள்ளைச் சீவலை வாங்கிக்கொண்டு போ தாயே, சந்தோஷமாகப் போ என்று. இபோர் தட்டினான். மீன் அடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பாயை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இபோர் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு அத்தானை உட்காரச் சொன்னான்.

"வேணாம் மாப்ள. உக்காந்தா எந்திரிக்க முடியாது. அடுத்த மீனை எடு."