பிரேக்குக்கு அடித்த சிவப்பு

2006-ஆம் ஆண்டு, கத்திரி வெயில் முடிந்து பள்ளிகள் திறந்திருந்த சமயம். பேருந்துப் பணிமனை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தேன். ஓய்வு பெற்ற பொறியாளருக்கு வேலை இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்தவர் வண்டியில் குறை கண்டுபிடிக்கும் வேலை ஆயுள் முழுக்க உண்டு. சம்பளமும் நன்றியும்தான் கிடையாது.

அப்போதுதான் என் மாப்பிள்ளை கடலூரிலிருந்து ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வந்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் வாங்க விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். என் மகள் புவனகிரியில் ஒரு பள்ளியில் ஆசிரியை, பேத்தி அதே பள்ளியில் படிக்கிறாள். இருவரும் டவுன் பஸ்ஸில் நசுங்கிப் போய் வருவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, வீலுக்குள்ள எட்டிப் பாருங்க. வண்டிய எப்பிடி வச்சிருந்துருக்காங்கன்னு அப்பத் தெரியும்" என்றார்.

குனிந்து பார்த்தேன். முன்சக்கரங்களில் டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிபர், பின்சக்கரங்களில் டிரம், எல்லாவற்றுக்கும் பளிச்சென்று சிவப்பு அடித்திருந்தது. ஒர்க்‌ஷாப்களில் இந்த வேலையை எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் ஸ்பிரேயைக் காட்டுவார்கள். டிஸ்க், ரப்பர், போல்ட் என்று எல்லாம் ஒரே நிறத்தில் குளித்திருக்கும். இதில் அப்படி இல்லை. ரப்பர் கறுப்பாகவே இருந்தது. காற்று எடுக்கும் ஸ்க்ரூவை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடித்திருந்தார்கள். ஓரங்களில் ஒரு சொட்டுகூட வழியவில்லை.

"விஷயம் தெரிஞ்ச ஆள் செஞ்சிருக்கான்" என்றேன். நான் ஒன்றைப் பாராட்டுவது அபூர்வம் என்பதால் மாப்பிள்ளை அதை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளாற்றுப் பாலத்தில் குறுக்கே வந்த சைக்கிளுக்காக அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. முன்சீட்டிலிருந்த பேத்தியின் நெற்றி பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. சுவர் இல்லாதிருந்தால் கதை ஆற்றுக்குள் முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீங்களே நல்லாருக்குன்னீங்களே, மாமா."

வண்டி இடது பக்கம் இழுத்தால் வலது பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மறுநாள் வண்டியை ஜாக்கியில் ஏற்றி வலது முன்சக்கரத்தைக் கழற்றினேன். காலிபர் நகரவே இல்லை, இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் பெயின்ட்டைச் சுரண்டினேன். அப்பளம் போல உரிந்து வந்தது. அடியில் துரு. அதற்கும் அடியில் மறுபடி சிவப்பு, மறுபடி துரு. யாரோ ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பின்சக்கர டிரம்மைத் தட்டிக் கழற்றியபோது உள்ளேயிருந்து மணல் கொட்டியது, ஒரு சிப்பித் துண்டும். வண்டி கடலுக்குள் கிடந்து வந்த வண்டி.

சுனாமியில் மூழ்கிய வண்டிகளுக்குப் பூச்சு வேலை செய்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கொதித்துவிட்டது. மோசடி என்றால் என்ன செய்ய வேண்டும், எங்கே புகார் கொடுக்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துபடி. இறுகியதைத் தற்காலிகமாக விடுவித்து, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நானே மாட்டுவண்டி வேகத்தில் கடலூருக்கு ஓட்டிப் போனேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

முதுநகரில் வண்டியை விற்றவரின் வீட்டு வாசலில் நிறுத்தினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஓடி வந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார், இன்னா சார் இது? தெருமுனையிலயே நிறுத்திட்டுக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? பணம் தரேன், முழுசா தரேன். வண்டிய மட்டும் இங்க வுட்டுட்டுப் போயிடாதீங்க. எங்கனா ஒடைக்கிறவன்கிட்ட தள்ளிடுங்க."

இது என் ஒத்திகையில் இல்லாத வசனம். பதில் தேடுவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து இன்னொருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். வேட்டியில் சிவப்புக் கறை. எங்களைப் பார்க்கவே இல்லை. நேராக முன்சக்கரத்தருகே போய்க் குந்தி உட்கார்ந்து, துளை வழியே உள்ளே பார்த்தார்.

"யாரு சுரண்டினது?"

"நான்தான்" என்றேன், அதிகாரமாகவே. "உள்ள முழுக்க உப்பு. மேல எவ்வளவு அடிச்சாலும்..."

"ஆமா சார்" என்றார் உடனே. "காலையில பார்த்தா பழுப்பா கசியுது. மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கு." எழுந்து உள்ளே போனார்.

விற்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க அக்கா வூட்டுக்காரரு சார். சுனாமி அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அக்காவையும் பொண்ணையும் கூட்டிக்கினு தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போனாரு. பொண்ணு பின்சீட்டுல தூங்கிட்டா. எழுப்ப வேணாம்னு அக்கா வண்டியிலயே இருந்துடுச்சு. இவரு டீ வாங்க எறங்கினாரு." கொஞ்சம் நிறுத்தினார். "வண்டி சவுக்குத் தோப்புல கெடைச்சுது. பொண்ணோட ஒடம்பு கெடைச்சுது. அக்கா கெடைக்கல. நான்தான் வண்டிய ரிப்பேர் பண்ணி வித்தேன். இவரு பொழுதுக்கும் அதுகிட்டயே குந்திக்கினு பிரேக்குக்குப் பெயின்ட் அடிச்சிக்கினே இருந்தாரு சார். ஆபீசு போறதில்ல, சாப்புடுறதில்ல. கண்ணுல படாம இருந்தா மாறுவாருன்னு பார்த்தேன். நீங்க திருப்பிக் கொண்டாந்துட்டீங்க."

என் பேத்தியின் நெற்றித் தையலை நினைத்துக்கொண்டேன். விற்றவரைத் திட்ட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒத்திகை பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டேன்.

அதற்குள் அக்கா கணவர் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிரேக் பிடிக்காமல்தான் வண்டி போனது என்று அவர் நினைக்கிறார் என்பது புரிந்தது. எனக்குத் தெரிந்ததையே சொன்னேன். பக்கத்தில் குந்திக்கொண்டு, பணிமனையில் புதியவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னேன். தண்ணீர் வண்டியின் அடியைத் தொட்டதுமே சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைந்துவிடும். பாரம் இல்லாத சக்கரத்தை எந்த பிரேக் பிடித்தும் பயனில்லை. உங்கள் பிரேக் பிடித்துத்தான் இருந்திருக்கும், டயர்தான் தரையில் நிற்கவில்லை.

அவர் கவனமாகக் கேட்டார். படித்தவர், புரிந்தது என்று தெரிந்தது.

"வண்டி நகரும்போது தண்ணி முழங்கால் அளவுதான் சார் இருந்துச்சு."

"சின்ன வண்டி. முழங்கால் அளவே போதும்."

"ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் எறங்கினேன். நல்லா இழுத்துதான் போட்டேன்." என் முகத்தையே பார்த்தார். "அது மெதுவா நகர்ந்துச்சு சார். அவ கண்ணாடி வழியா என்னப் பார்த்தா. பிரேக் கொஞ்சம் புடிச்சிருந்தா ஓடிப் போய்க் கதவத் தொறந்திருப்பேன்."

மாப்பிள்ளை வண்டிக்கு மறுபுறம் திரும்பி நின்றுகொண்டார்.

பெயின்ட் டப்பாவைத் திறந்தபடி அவரே கேட்டார். "சார், நீங்க தெரிஞ்சவரு. இந்தப் பெயின்ட் நிக்கணும்னா இன்னா செய்யணும்?"

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன். பழைய பூச்சை முழுக்க எடுக்க வேண்டும். நல்ல தண்ணீரில் பல நாள் கழுவிக் கழுவி உப்பை இறக்க வேண்டும். வயர் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். தின்னரால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. சாதாரண பெயின்ட் சூட்டில் உரியும், சூடு தாங்கும் பெயின்ட்தான் வாங்க வேண்டும். மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. அவசரப்படக் கூடாது. டிரம்முக்கு வெளிப்புறம் மட்டும், பிரேக் ஷூ உரசும் உள்புறத்தில் ஒரு சொட்டும் விழக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். விழக் கூடாது என்றதற்கு மட்டும், "தெரியும் சார், உள்ள அடிச்சா புடிக்காது" என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். சாவியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை, அவரே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருடைய மச்சான் திண்டாடிப்போய் என்னைப் பார்த்த பார்வையைத் தாண்டி நடந்து போய் பஸ் ஏறினோம். சிதம்பரம் வரும்வரை மாப்பிள்ளை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான், "மாமா, அவரு சொன்ன மாதிரி கொஞ்சம் புடிச்சிருந்தா?" என்று கேட்டார். பொறியாளனாக என் பதில் மாறவில்லை. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்து, கடலூர் கோர்ட்டில் ஒரு வேலையாகப் போனவன் எதற்கென்று தெரியாமல் முதுநகர் வரை போனேன். வீடு பூட்டியிருந்தது. பெயின்ட் அடித்தவர் இறந்து வருடம் ஒன்றாகிறது என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். சுவரோரமாக வண்டி செங்கல் மீது நின்றது. டயர்கள் இல்லை. கூரையை உப்புக்காற்று தின்றிருந்தது, கதவின் அடிப்பாகம் உதிர்ந்து போயிருந்தது. குனிந்து பார்த்தேன். காலிபரும் டிரம்மும் நேற்று அடித்தது போலச் சிவப்பாக இருந்தன. எங்கும் உரியவில்லை, ஒரு துருப்புள்ளிகூட இல்லை.

நான் சொன்ன முறையை ஒரு படிகூட விடாமல் ஒருவர் செய்து முடித்த வேலை, என் வாழ்நாளில் அது ஒன்றுதான். அன்று அவரிடம் வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.