ரியாத் வெயிலில் இருபத்துநாலு கணப்படுப்பு

விற்ற பொருள் எப்படி இருக்கிறது என்று வாங்கியவரிடம் ஒருநாளும் விசாரிக்கக் கூடாது. கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இதுதான் பாலபாடம். நாள் முழுக்க நின்று கால் வீங்கி, 'சும்மா பாக்கத்தான் வந்தேன்' என்கிறவரிடமும் பல்லைக் காட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், இதைப் படித்து நீங்கள் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சுதான் விடுவீர்கள். தொண்ணூறுகளில் நான் ரியாத்தில், பத்தா கடைத்தெருவில் ஒரு மின்சாமான் கடையில் சேல்ஸ்மேன். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, மிக்சி என்று எதையெல்லாமோ விற்றிருக்கிறேன். ஊரில் சொன்னால் ஒன்றை மட்டும் யாரும் நம்புவதில்லை. ஒரு வெயில்காலம் முழுக்கக் குளிர்காயும் அடுப்பு விற்றேன்.

கப்பலில் வந்த குளிர்

எங்கள் கஃபீல், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த சவுதி முதலாளி, நல்ல மனிதர். ஐரோப்பாவுக்கு ஓய்வெடுக்கப் போனவர், தங்கிய ஹோட்டலில் மின்சாரக் கணப்படுப்பு ஒன்றைப் பார்த்து மயங்கி, இருபத்துநாலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். ரியாத்திலும் குளிர் உண்டு. டிசம்பர், ஜனவரியில் பல் தந்தியடிக்கும். அதற்குள் சரக்கு வந்திருந்தால் கதையே இல்லை. கப்பல் தம்மாம் துறைமுகத்தைத் தொட்டது பிப்ரவரிக் கடைசியில். நாங்கள் கம்பளியை மடித்துப் பெட்டியில் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

மேனேஜர் ஹமீது காக்கா எங்கள் கீழக்கரைக்காரர்; அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம். அவரும் நானுமாக ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு பல்பு, ஒரு சிவப்புத் துணி, அதை ஆட்ட ஒரு குட்டி விசிறி, பிளாஸ்டிக்கில் விறகுக்கட்டை. கீழே தனியாகச் சூட்டுக் கம்பி. சுவிட்சும் இரண்டு, ஒன்றைப் போட்டால் நெருப்பு தெரியும், இன்னொன்றைப் போட்டால்தான் சூடு வரும்.

எனக்கு நெருப்பில் மனமில்லை. நான் விமானம் ஏறிய நாலாம் மாதம் மகள் பிறந்தாள். இரண்டு வயது தாண்டிவிட்டது, இன்னும் முகம் பார்க்கவில்லை. ஊருக்குப் போகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவேன். அதைப் போட்டால் பிள்ளை டேப் ரிக்கார்டரை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என்று மனைவி எழுதியிருந்தாள். போன வருஷம் வரவேண்டிய லீவு, ஆள் இல்லை என்று தள்ளிப் போயிருந்தது. பாஸ்போர்ட்டோ கஃபீலின் இரும்புப் பெட்டிக்குள். மெதுவாக லீவுப் பேச்சை எடுத்தேன். காக்கா, கூரை வரை அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைக் கையால் காட்டினார்.

"மொதலாளி சொல்லிட்டாரு காதரு. இந்த இருபத்துநாலும் கடையை விட்டுப் போகணும். கடைசிப் பொட்டி போன மறுநாளு நீ போகலாம்."

தபூக்குக்குப் போனவர்

அடுப்பு நிஜமாகவே தேவைப்பட்ட ஒரே ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். ஜுபைலில் பிளான்ட் டெக்னீசியனாக இருந்தவரை வடக்கே தபூக்குக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே குளிர் எலும்பைத் தொடும், சில வருஷம் மலையில் பனியே கொட்டும். பஸ் மாறுகிற இடைவெளியில் கடைக்குள் நுழைந்தவர், அறையின் நீள அகலத்தைக் காகிதத்தில் வரைந்தே கொண்டுவந்திருந்தார். எனக்கு வாயெல்லாம் பல்.

எத்தனை வாட், கம்பி போனால் மாற்றக் கிடைக்குமா, கதவிடுக்கில் காற்று வந்தால் தாங்குமா, மேலே கெட்டில் வைக்கலாமா, துவைத்த பனியன் ஒரு ராத்திரியில் காயுமா. ஒன்றரை மணி நேரம் கேட்டார். இரண்டு சுவிட்சையும் போட்டு நான் சூட்டைக் காட்ட, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. 'யோசிச்சுட்டு வாரேன்' என்று போனவர் எதிர்க்கடையில் சாதாரண ராடு ஹீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு, எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதே என்று திரும்பி வந்து விடைபெற்றார்.

"சோறு பொங்க முடியாது, துணியும் காயாது. அப்பொறம் இதுக்கு எதுக்குவே அடுப்புன்னு பேரு?"

தொழுகை நேரம்

பாங்கு சொல்லிவிட்டால் ரியாத்தில் கடை திறந்திருக்கக் கூடாது. ஒருநாள் மஃரிபு என்கிற அந்தித் தொழுகைக்கு அவசரமாக ஷட்டரை இறக்கிவிட்டு ஓடியதில், வாசலோரம் வைத்திருந்த மாதிரி அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். எங்கள் ஷட்டர் கம்பி வலை; தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். பள்ளிவாசலிலிருந்து முதலில் திரும்பியவர் பக்கத்து டீக்கடை கோயா, மலையாளி. இருட்டிய கடைக்குள் தீ நாக்கு நீட்டுவதைப் பார்த்திருக்கிறார். சாவிக்கு எங்கே போவார்? டீ கிளாஸ் கழுவுகிற வாளித் தண்ணீரை வலை வழியாக வீசிவிட்டார்.

நான் வந்து சேர்ந்தபோது பிளாஸ்டிக் விறகிலிருந்து டீத்தூள் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்து, மறுநாள் வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்த்தால் நெருப்பு வந்தது, சூடு வரவில்லை. கம்பி செத்துப் போயிருந்தது. என் லீவில் மண்ணைப் போட்டுவிட்டாரே என்று நான் கோயாவிடம் சண்டைக்குக் கிளம்பினேன். காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனைத் திட்டாதடா. இது நெசமான நெருப்புன்னு இந்தத் தெருவுல நம்புன ஒரே ஆளு அவன்தான்."

ஏசி பிளக்

மே மாதம் ஒரு சென்னை இன்ஜினீயர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். மனைவியின் அக்கா அமெரிக்காவில் இருக்கிறாராம். வீட்டுக் கணப்புக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு இவர்களும் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். அக்கா கணப்பை விட இது அகலமா என்பது ஒன்றுதான் அந்த அம்மாள் கேட்ட கேள்வி. அகலம்தான் என்று அடித்துச் சொன்னேன்.

அந்த நாளில் ரியாத் வீடுகளில் சாதாரண பிளக்கில் எல்லாம் நூற்றுப்பத்து வோல்ட். ஏசிக்கு மட்டும்தான் இருநூற்றிருபது. எங்கள் அடுப்புக்கும் இருநூற்றிருபது வேண்டும். கேஷில் இருந்த யாழ்ப்பாணத்துச் சிவநேசன் அண்ணன் பொய் பேசத் தெரியாதவர். "தங்கச்சி, ஏசியைக் கழட்டிப்போட்டுத்தான் உதைக் கொளுவ வேணும்" என்று சொல்லியும் பார்த்தார். அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் கணவர் மட்டும் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். வாய்க்கு முந்திக் கண்தான் பேசியது. ஏசியை அணைத்து, ஜன்னலை மூடி, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி, முதல் ஃபிலிம் ரோல் சரியாக விழாமல் இரண்டாவதும் எடுத்திருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் எல்லாருக்கும் முகம் சிவந்து வேர்வை வழிகிறதாம். மூன்றாவது ரோல் எடுக்கும்வரை ஏசியைத் திரும்ப மாட்ட மனைவி விடவில்லையாம். திருப்பி எடுக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்தால் உங்களுக்கும் மனசு வந்திருக்காது. என் லீவு ஒரு பெட்டி தூரம் பின்னால் போனது.

"சார், நெருப்பு எனக்கு வேண்டாம். அந்த ஏசி பிளக்கை மட்டும் எப்படியாவது என் மனைவிகிட்ட கேட்டு வாங்கிக் குடுத்துடுங்க."

மஜ்லிஸில் மார்கழி

என்னைக் காப்பாற்றியவர் ஒரு சவுதிப் பெரியவர். ஜூன் மாதம், வெளியே தார் உருகுகிறது. கடைக்கு வந்தார், நெருப்பைப் பார்த்தார், 'யல்லா', எடு போகலாம், என்றார். பேரமும் பேசவில்லை. விருந்தாளிகள் உட்காரும் அவருடைய மஜ்லிஸில் போய் நானே பொருத்திக் கொடுத்தேன். கூடம் கல்யாண மண்டபம் அளவு இருந்தது. நாலு ஏசி முழு வேகத்தில் ஓடியது. உள்ளே போன இரண்டு நிமிஷத்தில் எனக்குத் தாடை நடுங்கியது. பெரியவர் கம்பளி அங்கியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு சுவிட்சையும் போட்டு, நெருப்புக்குக் கை நீட்டியபடி பால் விடாத சுலைமானி டீ குடித்தார்.

அன்று மாலை அங்கே வந்த மச்சினன்மார், தம்பிமார் அத்தனை பேரும் நெருப்பைப் பார்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒன்று இருந்தால் இன்னொரு வீட்டில் இல்லாமல் இருக்குமா? அடுத்த மூன்று வாரத்தில் அந்தக் குடும்பம் மட்டும் பதினான்கு அடுப்பு வாங்கியது. கடைசியாக ஒருநாள் பெரியவரிடம், இத்தனை ஏசிக்கு நடுவில் சூடு எதற்கு என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். அவர் அரபியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏசி வைத்துக் குளிரைக் கொண்டுவந்திருக்கிறேன் மகனே, குளிர்காயாமல் அதை வீணாக்கச் சொல்கிறாயா?"

மிஞ்சிய ஒன்று

அந்த வீடுகளில் பார்த்தவர்களும் வந்து வாங்க, ஜூலை பிறந்தபோது இருபத்துமூன்று போய்விட்டது. மிஞ்சியது கோயா குளிப்பாட்டிய அடுப்பு. சூடு வராத கணப்பை யாரிடம் விற்பது? பாதி விலை என்று அட்டை எழுதி வைத்தேன். வந்தவர்கள் இரண்டாவது சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். காக்காவிடம் கெஞ்சினேன். 'இருபத்துமூணுக்கும் இருபத்துநாலுக்கும் வித்தியாசம் தெரியாதவரா மொதலாளி?' என்று கேட்டுவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று வந்த கேசட்டில் மகள் 'வாப்பா' என்று மூன்று தரம் கூப்பிட்டிருந்தாள். மூன்றாவது தரம் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நானே அதை வாங்கிவிடலாம் என்று தோன்றியது. கடையை விட்டுப் போக வேண்டும் என்றுதானே பேச்சு, யார் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. ஆனால் நாற்பது டிகிரிக் கடலோர ஊருக்குக் கணப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவனை உலகம் என்ன சொல்லும்? கவுண்டரிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சிவநேசன் அண்ணன் பில் புத்தகத்தைத் திறந்து என் பெயரை எழுதத் தொடங்கிவிட்டார். இலங்கைப் போரில் அவர் வீடு தரைமட்டமாகி ஐந்து வருஷம். மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள்.

"வாங்கன்ரா தம்பி, என்னத்துக்கு யோசிக்கிறாய்? உனக்கு உதைக் கொண்டுபோய் வைக்க ஒரு வீடெண்டாலும் இருக்கு."

மெட்ராஸ் விமான நிலையம்

முப்பது கிலோ அனுமதி, அடுப்பே இருபத்திரண்டு. மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த மூன்று சக்கர சைக்கிளை அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். சுங்கத்தில் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்கள். தங்கம் இருக்கும் என்று பிளாஸ்டிக் விறகை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார் அதிகாரி. பிளக்கை மாட்டச் சொன்னார். நெருப்பு எரிந்தது. பக்கத்து மேஜைக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெட்ராஸுக்கு அனலை இறக்குமதி பண்ண வந்த ஆளை என் சர்வீஸ்ல இன்னைக்குத்தான்யா பாக்கறேன். கட்டிக்கிட்டுக் கெளம்பு."

நாலாம் நாள்

வீட்டுக்குள் நான் கால் வைத்ததும் மகள் ஆயிஷா வீறிட்டு அழுது கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். 'வாப்பாடி, போ' என்று மனைவி தள்ளத் தள்ள அவள் உள்ளே உள்ளே போனாள். மூன்று நாள் பொம்மை காட்டினேன், மிட்டாய் காட்டினேன், கிட்டே வரவில்லை. வாங்க மனமில்லாத வாடிக்கையாளரை எனக்கு முகத்தைப் பார்த்ததும் தெரியும். சொந்தப் பிள்ளை முகத்திலும் அது தெரிந்தபோது வலித்தது.

நாலாம் நாள் வேறு வழியில்லாமல் அடுப்பைக் கூடத்தில் வைத்து சுவிட்சைப் போட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. மெல்ல வந்தாள். பிளாஸ்டிக் விறகில் விரலை வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள். சுடவில்லை. உள்ளங்கை முழுவதையும் வைத்துச் சிரித்தாள். கம்பி மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அவளை நான் பக்கத்திலேயே விட்டிருக்க முடியாது. மனசுக்குள் கோயாவுக்கு ஸலாம் சொன்னேன். சுவிட்சை அணைத்தேன். 'இன்னும்' என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். போட்டேன், அணைத்தேன், போட்டேன். கடையில் கற்ற வித்தை வேறென்ன தெரியும் எனக்கு? சாயங்காலத்துக்குள் என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போது எங்களுக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு லாத்தா உள்ளே வந்தார். "அட, வாப்பா மடியிலயா ஆயிஷா இருக்குறிய?" என்று கேட்டார். மகள் நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், அலமாரியில் இருந்த டேப் ரிக்கார்டரைக் காட்டினாள்.

"வாப்பா அதுக்குள்ள இருக்காங்க. இவங்க அடுப்பு மாமா."

அறுபது நாள் முடிந்து நான் ரியாத் திரும்பிய பிறகு, 'ஒரு வாரமாப் புள்ள அழுவுது' என்று மனைவி கேசட்டில் சொல்லியிருந்தாள். அழுதது எனக்காகவா, நான் கிளம்பிய அன்றைக்கே பல்பு போய்விட்ட அந்த அடுப்புக்காகவா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, வாங்கியவரிடம் விசாரிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் பாலபாடம் ஆயிற்றே.