அஞ்சலை கொடுத்த நம்பர்

போன செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸ் போன் செய்தார்.

"மேடம், கேம்ப்ல நீங்கதான ஃபாரம் எழுதுனீங்க? அஞ்சலைன்னு ஒருத்தவுங்க... ரெண்டு மாசமா கூப்புடுறோம், ஸ்விட்ச் ஆஃப்னே வருது. உடனே வரச் சொல்லணும்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

கடலூர் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம் நடந்தபோது, நாள் முழுக்க ஃபாரம் நிரப்பினேன். அதைக் கொஞ்சம் பெருமையாக இங்கே எழுதியும் தொலைத்தேன் — உங்களுக்கு நினைவிருக்கும்.

குப்பத்தில் போய் விசாரித்தேன். அஞ்சலை சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாராம். பஸ் ஏறினேன். வழி நெடுக ஒரே கவலை... நம்பரைத் தப்பாக எழுதிவிட்டேனோ?

அஞ்சலைக்கு (பெயரை மாற்றியிருக்கிறேன்) நாற்பது வயதிருக்கும். சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"எனுக்கு ஒண்ணும் இல்லக்கா. இருந்தா கூப்புட்டிருப்பாங்கல்ல? கூப்புடலன்னா நல்லா இருக்கோம்னு அர்த்தம்னு நீங்கதான சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். பயந்து நின்ற பெண்களைத் தேற்றுவதற்காக வரிசையில் எல்லோரிடமும் சொன்னேன். அதை நம்பி இரண்டு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

"கூப்புட்டாங்க அஞ்சலை. ரெண்டு மாசமா கூப்புடுறாங்க."

செதில் சுரண்டிய கத்தி நின்றது.

"நீங்க குடுத்தது யார் நம்பர்?"

"அவுரு நம்பர். கேரளாவுக்கு மீன்புடி போட்டுல வேலைக்குப் போனாரு. போன் தண்ணியில வுழுந்துடுச்சு. இப்ப வேற நம்பர்க்கா."

அப்போது அஞ்சலையின் இடுப்பில் ஒரு போன் அடித்தது. வாடிக்கை ஹோட்டல்காரராம். எடுக்காமல் கட் செய்தார்.

"உங்ககிட்டயே போன் இருக்கா? அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. இது யாவாரத்துக்கு. ரேஷன் கார்டு, கேஸு, புள்ளைங்க ஸ்கூலு... எங்க கேட்டாலும் அவுரு நம்பர்தான குடுப்போம்?"

எனக்குக் கோபம் வந்தது. அஞ்சலை மேல் அல்ல. என் வீட்டு கேஸ் சிலிண்டரும் என் கணவர் நம்பரில்தான் வருகிறது. நம் உடம்பைப் பற்றிய சேதி முதலில் நம் கைக்கு வர வேண்டும் என்று ஃபாரம் எழுதிய எனக்கே தோன்றவில்லையே?

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம் என்றார் டாக்டர். வீணாய்ப் போன இரண்டு மாதத்துக்குப் பிறகும் இது இன்னும் 'சீக்கிரம்'தானா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அங்கேயும் ஒரு ஃபாரம். நம்பர் கேட்டார்கள். அஞ்சலை தன் போனை எடுத்து, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். எழுதியதைத் திரும்பப் படிக்கவும் சொன்னார்.

நேற்று அவரைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"நீங்களாக்கா... ஆஸ்பத்திரியோன்னு நெனச்சேன்."

கூப்பிடாவிட்டால் நல்லதுதான் என்று இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.