முள்வேலிக்கு வெளியே பெண் பார்த்தார்கள்

போன மாதம் மலாக்காவின் பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் ஒரு கூத்து நடந்தது. சோதனை செய்யும் பெண், "ஆன்ட்டி, கையைத் தூக்குங்க லா" என்று சொல்லி என் இடுப்பைத் தொட்டாள். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அவள் தடவ, நான் நெளிய, பின்னால் நின்றவர்கள் முறைக்க, என் மகள், "அம்மா, மானத்த வாங்காதீங்க" என்று பல்லைக் கடித்தாள். நான் என்ன செய்ய? பிறவிக் கூச்சம். இதே இடுப்பு ஒரு காலத்தில் என் மானத்தை எப்படி வாங்கியது என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் எமர்ஜென்சி காலம். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு கேட். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வேலைக்குப் போனால் வெறும் காப்பித் தண்ணிதான். பசியில் காது அடைக்கும். பெண்களைச் சோதிக்க ஓலைத் தட்டி மறைவில் அந்தோணியம்மா அக்கா நிற்பார். டவுனிலிருந்து வருகிற வேதக்காரம்மா. கழுத்தில் சிலுவை, முகத்தில் கடுகடுப்பு. என் முறை வந்தால், "வந்துட்டா பாரு, கிச்சுகிச்சு ராணி. ஏ பிள்ள, ஆடாம நில்லு" என்பார். நின்றால்தானே!

என்னைச் சோதிக்க அவருக்கு அரை நிமிஷம் போதும். அப்படி ஒரு ஒல்லி நான் அப்போது. நம்பமாட்டீர்கள், பரவாயில்லை. ஒட்டடைக்குச்சி என்றுதான் லயத்தில் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேனே, அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம். கண்ணாடி முன் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சு முட்ட நின்றிருக்கிறேன். காற்றை விட்டால் பழையபடி குச்சி. நம்மை நாமே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இப்போது டிவியில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். அன்றைக்கு யார் சொன்னார்கள்?

அந்தச் சமயம் பார்த்து ஒரு வரன் வந்தது. மலாக்கா டவுன் ஆபீஸில் கிராணியாம். எழுத்து வேலை, நாற்காலி வேலை! அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன் வந்த இரண்டு பேரும், "பொண்ணுக்கு ஏதும் சீக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள். இதுவும் தட்டிப்போனால் எனக்குக் கல்யாணமே நடக்காது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

வெளியாட்கள் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு நடையாய் நடக்க வேண்டும். அதனால் எங்கள் தோட்டத்தில் பெண் பார்ப்பதெல்லாம் கேட்டுக்கு வெளியே, மாமரத்தடியில். பெண்தான் போய்த் தன்னைக் காட்டிவிட்டு வர வேண்டும். பஜ்ஜி, சொஜ்ஜி கிடையாது. தின்பண்டத்தோடு கேட்டைத் தாண்ட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவின் ரவிக்கையை இரவல் வாங்கினேன். அதற்குள் என்னைப்போல் மூன்று பேர் குடியிருக்கலாம். மிச்ச இடத்தில் கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் திணித்தேன். இடுப்பைச் சுற்றியும் நாலு சுற்று. மேலே சேலை. நடந்து பார்த்தேன், அடடா, நான்தானா இது! கேட்டில் சோதனை உண்டு என்பது மட்டும் மண்டையில் ஏறவேயில்லை.

அந்தோணியம்மா அக்காவின் கை இடுப்பில் பட்டு அப்படியே நின்றது. ஒரே நாளில் இவ்வளவு சதை எங்கிருந்து வரும்? அரிசியைத் துணிப் பட்டையில் தைத்து இடுப்பில் கட்டிக் கடத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கோ வழக்கம்போல் சிரிப்பு. "சிரிக்க வேற செய்யிறியா, அடிப்பாவி!" என்றவர், வெளியே பார்த்து, "பெராஸ்! பெராஸ்!" என்று கத்திவிட்டார். மலாயில் அரிசி என்று அர்த்தம். மலாய்க்காரக் காவலர்கள் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள். மாமரத்தடியில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் எழுந்து நின்றார்கள்.

"அரிசி இல்லக்கா, துணி. நான் ஒல்லியா இருக்கேன்ல... அதான்."

அக்காவுக்கு விளங்கிவிட்டது. முகம் இளகியது. "புண்ணுக்குக் கட்டு போட்டிருக்கேன்னு சொல்லிடறேன். நீ பேசாம போய் நில்லு" என்றார் காதோடு.

போயிருக்கலாம்தான். ஆனால் எனக்காகப் பொய் சொல்லி அவர் வேலை போய்விட்டால்? அதோடு, கல்யாணமாகியும் இந்தக் கந்தலைச் சுற்றிக்கொண்டா திரிவேன்? ஒவ்வொன்றாக உருவித் தட்டிக்கு மேலே வெளியே வீசினேன்.

தலையணை உறை போனது. பாவாடை போனது. துண்டு இரண்டு போனது. காவலர்கள் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஒரு கட்டம் போட்ட சாரோங் பறந்துபோய் முள்வேலியில் தொங்கியது. கேட்டுக்கு உள்ளே நின்ற அப்பா, "அடியே, என் சாரோங்! காலையிலருந்து தேடுறேன் லா!" என்று அலறினார். அதற்குப் பிறகு யாரால் நிற்க முடியும்? லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அந்தோணியம்மா அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

தொளதொள ரவிக்கையோடு மாமரத்தடிக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா மேலும் கீழும் பார்த்து, "இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான் அத்தை" என்றேன். சொன்னதும் உடம்பே லேசானது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு!

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "நானும் கிராணி இல்லீங்க. ஆபீஸ் பியூன். கடுதாசி கொண்டு போவேன், தேத்தண்ணி வாங்கித் தருவேன்." அவர் அம்மா கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். "கிள்ளாதீங்கம்மா. அந்தப் பொண்ணு அத்தனையும் உருவிப் போட்டுட்டு வந்து நிக்குது. நான் இத மறைச்சா நல்லாவா இருக்கும்?"

"சைக்கிள் இருக்கா?" என்று கேட்டேன். வேறு கேள்வி வரவில்லை.

"இருக்கு. அதுவும் ஆபீஸ் சைக்கிள்தான்."

அடுத்த தையில் கல்யாணம். கெடுபிடி தளர்ந்து அரிசிச் சோதனையை நிறுத்திய முதல் ஞாயிற்றுக்கிழமை, சோறும் கருவாடும் இலையில் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் தடுக்கவில்லை என்பதற்காகவே இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்குப் பருக்கத் தொடங்கியவள்தான்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. வேலி இல்லை, மாமரம் இல்லை. அந்தோணியம்மா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் போயும் எட்டு வருஷமாகிறது. சோற்றுப் பொட்டலத்தோடு எந்தக் கேட்டையும் தாண்டலாம், கேட்பாரில்லை. போன வாரம்கூடக் கட்டிக்கொண்டு ஆயர் குரோ ஏரிக்கரைக்குப் போனேன். உட்கார்ந்து பிரித்தால், இரண்டு பேருக்குக் கட்டியிருக்கிறேன்.